அலுவலக மேசை போன்: புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரத்தில் கற்றுக்கொள்ள வேண்டியவை

கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் நான் சேர்ந்த இரண்டாவது நாள். தேனியிலிருந்து ஒரு டீலர் அழைத்து சர்வீஸ் பிரிவைக் கேட்டார். "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்" என்றேன். டிரான்ஸ்பர் பட்டனை அழுத்தி எண்ணை அடித்து ரிசீவரை வைத்தேன். கட். அவர் திரும்ப அழைத்தார், திரும்பவும் கட். மூன்றாவது முறை எடுத்தபோது, "ஏம்மா, போனை மாத்தத் தெரியலைன்னா சொல்லிடு. நான் பஸ் ஏறி நேராவே வந்துர்றேன்" என்றார்.

கம்ப்யூட்டருக்கு அரைநாள் பயிற்சி தந்தார்கள். டீ மெஷினைக்கூட ஒருவர் இயக்கிக் காட்டினார். போனுக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. "போன்தானே, எடுத்துப் பேச வேண்டியதுதானே" என்கிற நினைப்பு. கைப்பேசியோடு வளர்ந்தவர்களுக்கு மேசை போன் ஒரு புதிய கருவி என்பது பழையவர்களுக்குத் தோன்றுவதில்லை.

நான் அடிபட்டுக் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன். இதில் வருகிற எதையும் வாடிக்கையாளர் மீது முதலில் செய்து பார்க்காதீர்கள். அலுவலகம் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்னால் வந்து, உங்கள் கைப்பேசியிலிருந்து உங்கள் மேசைக்கே அழைத்துப் பழகுங்கள். கைப்பேசியை இடது காதிலும் ரிசீவரை வலது காதிலும் வைத்துக்கொண்டால், அழைப்பவருக்கு என்ன கேட்கிறது என்பதும் தெரிந்துவிடும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

1. முதலில் போனைத் திருப்பிப் பாருங்கள்

உங்கள் மேசையில் இருப்பது எந்த வகை என்று தெரியாமல் பட்டன்களைப் படித்துப் பயனில்லை. பின்னால் செருகியிருக்கும் வயரைப் பாருங்கள்.

மெல்லிய வயர், சின்ன முனை, திரை இல்லை அல்லது எண் மட்டும் தெரிகிற சிறிய திரை என்றால் அது அனலாக் போன். பீட்டல், பானசோனிக் போன்றவை அதிகம் இந்த வகை. இதில் டிரான்ஸ்பர் என்று தனி பட்டன் இருக்காது, ஃபிளாஷ் என்ற பட்டன்தான் எல்லா வேலையும் செய்யும்.

கம்ப்யூட்டருக்குப் போகிற அதே தடித்த நெட்வொர்க் கேபிள் போனுக்கும் வந்தால் அது ஐ.பி. போன். யீலிங்க், சிஸ்கோ, கிராண்ட்ஸ்ட்ரீம் என்று ஏதாவது பெயர் போட்டிருக்கும். திரைக்குக் கீழே பெயர் எழுதாத நான்கு பட்டன்கள் இருக்கும். அவற்றின் பெயர் திரையில்தான் தெரியும், நேரத்துக்கு நேரம் மாறும். சும்மா இருக்கும்போது ஒன்று காட்டும், பேசிக்கொண்டிருக்கும்போது வேறொன்று காட்டும். "நேத்து இருந்த பட்டனைக் காணோமே" என்று நான் தேடியதெல்லாம் இதனால்தான்.

எங்கள் அலுவலகத்தில் இரண்டு வகையும் உண்டு. விற்பனைப் பிரிவில் ஐ.பி. போன், ஸ்டோர்ஸிலும் செக்யூரிட்டி அறையிலும் பழைய அனலாக். உங்கள் இடமும் அப்படி இருந்தால் இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள். மதிய உணவு நேரத்தில் எந்த மேசை போனை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்ல முடியாது.

2. சேர்ந்த அன்றே கேட்டு வாங்க வேண்டியவை

எக்ஸ்டென்ஷன் எண், அதாவது அலுவலகத்துக்குள் உங்கள் போனுக்கான எண், தானாக வராது. எங்கள் இடத்தில் ஐ.டி. பிரிவுக்கு ஒரு கோரிக்கை போட வேண்டும். அதில் ஊழியர் எண், இருக்கை எண், மேசைக்குப் பக்கத்துச் சுவர் போர்ட்டில் ஒட்டியிருக்கும் லேபிள் எண் மூன்றும் கேட்பார்கள். அந்த லேபிள் எண்ணை நான் எழுதாமல் விட்டதால் கோரிக்கை ஒரு நாள் கிடந்து திரும்பி வந்தது. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்து, லேபிளை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்டென்ஷன் கிடைக்க எங்களுக்கு இரண்டு வேலை நாள் ஆனது. வெளியூர் எண்களுக்கும் கைப்பேசிகளுக்கும் அடிக்கும் அனுமதி தனி. அதற்கு மேலாளரிடமிருந்து ஒரு மெயில் போக வேண்டும், அது மேலும் இரண்டு நாள். வெளிநாட்டு அழைப்பு உங்கள் வேலைக்குத் தேவையென்றால் அதையும் அதே மெயிலில் எழுதச் சொல்லுங்கள். தனித்தனியாகக் கேட்டால் தனித்தனியாகக் காத்திருக்க வேண்டும்.

இவற்றோடு நான்கு விவரங்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்:

- வெளி லைன் எடுக்க எந்த எண்: 0 அல்லது 9?
- வெளி அழைப்புக்கு ரகசிய எண் உண்டா? சில அலுவலகங்களில் ஒவ்வொருவருக்கும் தனி எண் தருவார்கள்.
- அடுத்தவர் போனை எடுக்கவும், அழைப்பைத் திருப்பிவிடவும் என்ன குறியீடு?
- வாய்ஸ்மெயிலின் (நீங்கள் எடுக்காத அழைப்பில் குரல் செய்தி பதியும் பெட்டி) எண் என்ன, முதல் கடவுச்சொல் என்ன?

எக்ஸ்டென்ஷன் பட்டியலும் வாங்குங்கள். ஐ.டி. தருகிற பட்டியலில் வேலையை விட்டுப் போனவர்களெல்லாம் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். சரியான பட்டியல் ரிசப்ஷன் அக்காவின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும், பேனாவால் அடித்துத் திருத்தி. அதைக் கேட்டு நகலெடுங்கள்.

செலவு பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் எந்த எண்ணுக்கு எத்தனை நிமிடம் பேசினீர்கள் என்பதை, அலுவலக போன்களையெல்லாம் இணைக்கும் இன்டர்காம் எக்ஸ்சேஞ்ச் எக்ஸ்டென்ஷன் வாரியாகப் பதிந்து வைக்கும். எங்கள் பிரிவுக்கு அந்தப் பட்டியல் மாதம் ஒருமுறை வரும். ரகசிய எண்ணைப் பக்கத்து இருக்கைக்காரருக்குக் கடன் கொடுத்தால் அவர் பேசியதும் உங்கள் பெயரில்தான் வரும்.

3. வெளியே அழைப்பது: அந்த இரண்டு பூஜ்யம்

புதியவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். இந்தியாவில் 2021 ஜனவரி 15 முதல், தரைவழித் தொலைபேசியிலிருந்து கைப்பேசிக்கு அடித்தால் பத்து இலக்க எண்ணுக்கு முன்னால் 0 சேர்க்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் வெளி லைன் எடுக்கவும் 0 தான். ஆகவே கைப்பேசிக்கு இரண்டு பூஜ்யம்: ஒன்று லைனுக்கு, இன்னொன்று எண்ணுக்கு. 00 என்று தொடங்கினால் வெளிநாட்டுக்குப் போய்விடுமோ என்று பயந்து நான் முதல் வாரம் முழுக்க என் சொந்தக் கைப்பேசியிலிருந்தே டீலர்களுக்குப் பேசினேன். அவர்களில் சிலர் இன்றும் ஞாயிற்றுக்கிழமை காலை அந்த எண்ணுக்குத்தான் அழைக்கிறார்கள்.

லைனுக்கு 0 என்றால் கணக்கு இப்படி:

- கோயம்புத்தூருக்குள் தரைவழி எண்: 0, பிறகு ஏழு இலக்க எண்.
- சென்னைத் தரைவழி எண்: 0, பிறகு 044, பிறகு எட்டு இலக்க எண்.
- கைப்பேசி: 0, பிறகு 0, பிறகு பத்து இலக்க எண்.
- வெளிநாடு: 0, பிறகு 00, நாட்டுக் குறியீடு, பிறகு எண்.

வெளி லைனுக்கு 9 என்றால் முதல் 0 இருக்கும் இடத்தில் 9 போடுங்கள், மற்றதெல்லாம் அதேதான். சில எக்ஸ்சேஞ்சுகளில் கைப்பேசிக்கான 0 தானாகவே சேரும்படி வைத்திருப்பார்கள். அதனால் முதல் நாள் உங்கள் கைப்பேசிக்கே அடித்துப் பாருங்கள்.

அனலாக் போனில் முதல் எண்ணை அடித்ததும் டயல் டோன் மாறும். அந்த இரண்டாவது டோன் வந்த பிறகு மீதியை அடியுங்கள். அவசரப்பட்டால் முதல் இலக்கம் விழுங்கப்பட்டு யாரோ ஒருவருக்குப் போகும். ஐ.பி. போனில் டோனுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ரிசீவரை எடுக்காமலேயே முழு எண்ணையும் அடித்து, திரையில் சரிபார்த்துவிட்டு அப்புறம் எடுக்கலாம். இந்தப் பழக்கம் தவறான எண்களைப் பெருமளவு குறைக்கும். எண் அடித்து முடித்தபின் போன் சில நொடி சும்மா இருப்பது போலத் தெரியும், இன்னும் இலக்கம் வருமா என்று பார்க்கிறது. பல போன்களில் கடைசியில் # அழுத்தினால் உடனே கிளம்பிவிடும்.

வங்கிக்கு அழைத்தால் "தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்" என்கிறது, அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லையா? அனலாக் போனின் பக்கவாட்டிலோ அடியிலோ பல்ஸ், டோன் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். துடைக்கும்போது நகர்ந்து பல்ஸுக்குப் போயிருக்கும். டோனுக்குத் தள்ளுங்கள்.

அவசர எண் 112ஐ மேசை போனிலிருந்து எப்படி அடிப்பது, முன்னால் லைன் எண் வேண்டுமா என்பதை ஐ.டி.யிடம் கேட்டு வையுங்கள். சோதனைக்காக அடித்துப் பார்க்க வேண்டாம்.

4. ஹோல்டு வேறு, மியூட் வேறு

மியூட் அழுத்தினால் நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்காது, அவர் பேசுவது உங்களுக்குக் கேட்கும். ஹோல்டு அழுத்தினால் இரண்டு பக்கமும் கேட்காது. அவருக்கு இசையோ பீப் ஒலியோ போகும்.

ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுவது இரண்டிலும் சேராது. நான் அப்படித்தான் செய்தேன். சேலத்து டீலர் ஒருவர் விலை குறைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். ரிசீவரைப் பொத்தி, பின்னால் திரும்பி, "சார், அஞ்சு பெர்சன்ட் கேக்கறார், மூணுக்கே ஒத்துக்குவார் போல" என்றேன். பொத்திய கையை எடுத்ததும் அவர், "அஞ்சே போட்டுருங்க கண்ணு" என்றார். அஞ்சுதான் போட்டோம்.

எப்போது எது? பக்கத்தில் சத்தம், இருமல் வருகிறது, அவர் நீளமாக ஏதோ படித்துக் காட்டுகிறார் என்றால் மியூட். யாரிடமாவது கேட்க வேண்டும், கோப்பு தேட எழுந்து போக வேண்டும் என்றால் ஹோல்டு. பணம், விலை, அவரைப் பற்றிய பேச்சு என்றால் எப்போதும் ஹோல்டுதான். மியூட் போட்டதாக நினைத்துக்கொண்டு போடாமல் விட்டவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. பட்டனில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டே வாயைத் திறங்கள்.

ஐ.பி. போனில் ஹோல்டு போட்டபின் ரிசீவரை வைத்துவிடலாம், அழைப்பு போகாது. எங்கள் போன் அரை நிமிடத்துக்கு ஒருமுறை பீப் அடித்து ஞாபகப்படுத்தும். அனலாக் போனில் ஹோல்டு பட்டன் இல்லாவிட்டால் ஃபிளாஷ் அழுத்துங்கள், ரிசீவரை வைக்காதீர்கள், மேசைமேல் படுக்க வையுங்கள். ஹோல்டில் ஒரு நிமிடத்துக்கு மேல் போனால் எடுத்து, "பார்த்துட்டிருக்கேன் சார், இன்னும் ரெண்டு நிமிஷம் ஆகும், நானே கூப்பிடட்டுமா?" என்று கேளுங்கள். நம் எக்ஸ்சேஞ்சின் இசையை ஒருமுறை கைப்பேசியில் கேட்டுப் பார்த்தால் ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

5. டிரான்ஸ்பர்: அவசரப்படக் கூடாத இடம்

தேனி டீலரின் அழைப்பு ஏன் துண்டானது? பக்கத்து மேசைக்காரர் சொன்ன முறையில்தான் செய்தேன். அவர் அதற்கு முன் பல வருடம் ஸ்டோர்ஸில் இருந்தவர். அவர் சொன்னது அனலாக் போனின் முறை, என் மேசையில் இருந்தது ஐ.பி. போன்.

அனலாக் போனில்:

ஃபிளாஷ் அழுத்துங்கள். டயல் டோன் வரும், அழைத்தவர் ஹோல்டில் இருப்பார். எக்ஸ்டென்ஷனை அடியுங்கள். எதிர்முனை எடுத்ததும் யார், என்ன விஷயம் என்று சொல்லுங்கள். பிறகு ரிசீவரை வையுங்கள். வைப்பதுதான் மாற்றிவிடும் செயல். எடுக்கவில்லையென்றால் மறுபடி ஃபிளாஷ் அழுத்தினால் அழைத்தவரிடம் திரும்பி வரலாம். ஃபிளாஷ் என்பது லைனை ஒரு நொடிக்கும் குறைவாக விட்டுப் பிடிப்பதுதான். பட்டன் வேலை செய்யாத போனில் ரிசீவர் வைக்கும் இடத்திலுள்ள கட்டையைத் தட்டலாம் என்பார்கள். தட்டலாம், ஆனால் கொஞ்சம் அதிகமாக அழுத்திவிட்டால் கட் ஆகிவிடும். கை பழகும்வரை அதைத் தொடாதீர்கள்.

ஐ.பி. போனில்:

டிரான்ஸ்பர் அழுத்துங்கள். எக்ஸ்டென்ஷனை அடித்து # அழுத்துங்கள். எதிர்முனை எடுத்ததும் விஷயத்தைச் சொல்லுங்கள். இப்போது மறுபடி டிரான்ஸ்பர் அழுத்துங்கள். திரையில் அழைப்பு மறைந்த பிறகு ரிசீவரை வையுங்கள். நான் விட்டது அந்த இரண்டாவது அழுத்தலை. எடுக்கவில்லையென்றால் திரையில் ரத்து என்ற பொருளில் வரும் பட்டனை அழுத்தி, பிறகு ஹோல்டிலிருந்து மீட்கும் பட்டனை அழுத்துங்கள்.

எதிர்முனை எடுக்கக் காத்திராமல் உடனே மாற்றிவிடுவதும் உண்டு. டிரான்ஸ்பர், எண், உடனே மறுபடி டிரான்ஸ்பர். வேகமான வழிதான், ஆனால் அந்த ஆள் இருக்கையில் இல்லையென்றால் அழைத்தவர் மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டே நிற்பார். ரிசப்ஷனுக்கு மாற்றும்போது மட்டும் நான் இப்படிச் செய்கிறேன், அங்கே எப்போதும் ஒருவர் இருப்பார். மற்றபடி பேசிவிட்டு மாற்றுவதுதான் மரியாதை. டீலர் தன் கதையை இரண்டாவது முறை முதலிலிருந்து சொல்லத் தேவையிருக்காது.

மாற்றுவதற்கு முன் அழைத்தவரிடம் ஒரு வரி சொல்லிவிடுங்கள்: "சர்வீஸ்ல கனெக்ட் பண்றேன் சார், லைன் கட் ஆனா திரும்பக் கூப்பிட்டு எக்ஸ்டென்ஷன் 214 கேளுங்க." எக்ஸ்டென்ஷனைச் சொல்லிவிட்டால் பாதிக் கோபம் முன்கூட்டியே அடங்கிவிடும். கைப்பேசி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், திரையில் தெரிவதை ஒரு தாளில் எழுதினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. தெரியாத ஒருவர் அழைத்து, "டெலிபோன் கம்பெனியிலிருந்து பேசுகிறோம், லைன் சோதிக்கிறோம், டிரான்ஸ்பர் அழுத்தி 9, 0, # அடித்துவிட்டு வைத்துவிடுங்கள்" என்று சொன்னால் செய்யாதீர்கள். வெளி லைனுக்கு 9 வைத்திருக்கும் எக்ஸ்சேஞ்சில் அப்படிச் செய்தால் வெளி லைனை அவர் கையில் கொடுத்ததாக ஆகலாம். அவர் பேசுகிற பேச்சுக்கு உங்கள் அலுவலகம் கட்டணம் கட்டும், பட்டியலில் உங்கள் எக்ஸ்டென்ஷன் இருக்கும்.

6. பக்கத்து மேசை அடித்தால்

எழுந்து ஓட வேண்டாம். உங்கள் போனிலிருந்தே அந்த அழைப்பை இழுத்துக்கொள்ளலாம், இதற்குப் பெயர் பிக்கப். குறியீடு எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்சேஞ்ச் மாறும். எங்களுடையது ஆஸ்டரிஸ்க் என்ற எக்ஸ்சேஞ்ச் மென்பொருளில், அதை நிர்வகிக்க உதவும் ஃப்ரீபிபிஎக்ஸ் வைத்து ஓடுவது. அதில் மாற்றாமல் விட்டிருந்தால் *8 அடித்தால் நம் குழுவில் அடிக்கும் போன் நம்மிடம் வரும். குறிப்பிட்ட ஒருவருடையது வேண்டுமென்றால்  ** அடித்து அவர் எக்ஸ்டென்ஷனை அடிக்க வேண்டும். நீங்கள் ஒரே குழுவில் சேர்க்கப்பட்டிருந்தால்தான் *8 வேலை செய்யும். செய்யவில்லையென்றால் ஐ.டி.யிடம் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள், அது ஐந்து நிமிட வேலை.

எடுத்ததும் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அவர் வேறு குரலை எதிர்பார்த்துப் பாதி வாக்கியம் பேசியிருப்பார்.

சில ஐ.பி. போன்களில் திரையின் ஓரத்துப் பட்டன்களில் சக ஊழியர்களின் பெயர் போட்டு வைக்கலாம். பச்சை என்றால் சும்மா இருக்கிறார், சிவப்பு என்றால் பேசிக்கொண்டிருக்கிறார், சிவப்பு வேகமாக மின்னினால் அவர் போன் அடித்துக்கொண்டிருக்கிறது. டிரான்ஸ்பர் செய்யும் முன் இந்த விளக்கைப் பார்ப்பது பெரிய உதவி. யார் யார் பெயர் வேண்டுமென்று எழுதிக் கொடுத்தால் ஐ.டி. போட்டுத் தருவார்கள்.

7. மூன்று பேர் பேச

முதலாமவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது கான்ஃபரன்ஸ் பட்டனை அழுத்தி, இரண்டாமவரை அழைத்து, அவர் எடுத்ததும் மறுபடி கான்ஃபரன்ஸ் அழுத்தினால் மூவரும் சேர்ந்துவிடலாம். சேர்த்தவர் நீங்கள் என்பதால் நீங்கள் போனை வைத்தால் பெரும்பாலான போன்களில் மற்ற இருவருக்கும் கட் ஆகிவிடும். "சரி, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கங்க" என்று நகர வேண்டுமென்றால் டிரான்ஸ்பர்தான் செய்ய வேண்டும்.

8. திருப்பிவிடுதலும் 'தொந்தரவு செய்யாதே'யும்

டிஎன்டி என்று ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் உங்கள் போன் அடிக்காது, அழைப்பவருக்கு பிஸி டோன் கேட்கும் அல்லது வாய்ஸ்மெயிலுக்குப் போகும். மீட்டிங்குக்கு நல்லது. துடைக்கும்போது தெரியாமல் அழுந்திவிடும் பட்டனும் இதுதான். "காலையிலிருந்து ஒரு போனும் வரலையே, இன்னிக்கு நிம்மதி" என்று தோன்றினால் உடனே திரையில் டிஎன்டி குறி இருக்கிறதா பாருங்கள்.

திருப்பிவிடுவதில் மூன்று வகை: எல்லா அழைப்பும், பிஸியாக இருந்தால் மட்டும், எடுக்காவிட்டால் மட்டும். எங்கள் எக்ஸ்சேஞ்சில் எல்லாவற்றையும் திருப்ப *72, ரத்து செய்ய *73. புதியவர்களுக்கு நான் சொல்வது மூன்றாவது வகை. இருக்கையில் இருந்தால் நீங்கள் எடுப்பீர்கள், இல்லாவிட்டால் தானாகப் போகும். மறந்தாலும் பெரிய சேதமில்லை.

கைப்பேசிக்குத் திருப்பும்போது எண்ணை மேசையிலிருந்து அடிப்பது போலவே கொடுக்க வேண்டும், அதே இரண்டு பூஜ்யத்தோடு. வெறும் பத்து இலக்கம் கொடுத்தால் அழைப்பு எங்கும் போகாது, உங்களுக்கும் தெரியாது. திருப்பிய அழைப்பு ஒவ்வொன்றும் அலுவலகத்தின் இரண்டு லைனைப் பிடித்துக்கொள்ளும்: உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று. வெளியே போகிற பகுதிக்குக் கட்டணம் இருந்தால் அது அலுவலகத்துக்குத்தான். லைன் குறைவான சின்ன அலுவலகத்தில் இரண்டு மூன்று பேர் இப்படித் திருப்பிவிட்டால் ரிசப்ஷனுக்கே லைன் கிடைக்காது.

தீபாவளி விடுமுறைக்கு முன் நான் *72 போட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து *73 அடிக்க மறந்தேன். மூன்று நாள் மேசை போன் அமைதியாக இருந்தது, கைப்பேசி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாரும் ஏன் கைப்பேசிக்கே அழைக்கிறார்கள் என்று டீலர்கள் மேல் கோபப்பட்டேன்.

9. வாய்ஸ்மெயிலை முதல் வாரத்திலேயே திறந்துவிடுங்கள்

இதை ஒத்திப்போடாதீர்கள். நீங்கள் திறக்காவிட்டாலும் அது இயங்கிக்கொண்டிருக்கும். எனக்கு முன் அந்த எக்ஸ்டென்ஷனில் இருந்தவரின் குரல் இரண்டு மாதம் என் சார்பில் பேசிக்கொண்டிருந்தது.

எங்கள் முறை: *97 அடித்தால் கடவுச்சொல் கேட்கும். முதலில் தருவது பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன் எண்ணேதான் அல்லது யாரும் ஊகிக்கக்கூடிய ஒன்று. அதனால் முதலில் அதை மாற்றுங்கள். 0 அழுத்தினால் பெட்டியின் அமைப்புகள் வரும், அதில் 5 கடவுச்சொல் மாற்ற, 1 'எடுக்க இயலவில்லை' செய்தி பதிய, 2 'வேறு அழைப்பில் இருக்கிறேன்' செய்தி பதிய. கேட்கும்போது 1 அழுத்தினால் செய்தி ஓடும், 5 திரும்பக் கேட்க, 6 அடுத்தது, 7 அழிக்க. 7ஐ அழுத்தும் முன் எண்ணை எழுதிவிட்டீர்களா என்று பாருங்கள்.

உங்கள் குரலில் பதிவது இருபது நொடிக்குள் முடியட்டும்: பெயர், பிரிவு, எப்போது திரும்ப அழைப்பீர்கள், அவசரமென்றால் எந்த எக்ஸ்டென்ஷன். தமிழில் பதியுங்கள், வேண்டுமானால் பின்னால் ஆங்கிலத்தில் ஒரு வரி. புதிய செய்தி இருந்தால் போனின் மேல் ஓரத்தில் சிவப்பு விளக்கு மின்னும். அது பழுது என்று நினைத்து அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்த ஒருவரை எனக்குத் தெரியும்.

10. ஹெட்செட் வாங்கும் முன்

நாள் முழுக்கப் பேசுகிற வேலை என்றால் ஹெட்செட் தேவை. இல்லாவிட்டால் ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கித் தட்டச்சு செய்து கழுத்து பிடித்துக்கொள்ளும். முதலில் அலுவலகத்தில் கேளுங்கள், பல இடங்களில் கோரிக்கை போட்டால் தருவார்கள்.

நான் கேட்காமல் என் காசில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கினேன். முனை சரியாகப் பொருந்தியது, அவர் பேசுவது எனக்குக் கேட்டது, நான் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை. முனை ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே இருக்கும் வயர்களின் வரிசை போன் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்று பிறகுதான் தெரிந்தது. கடைக்குப் போகும் முன் போனின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாடலுக்குப் பொருந்தும் என்று எழுதித் தராவிட்டால் வாங்காதீர்கள். யுஎஸ்பி ஹெட்செட் வேண்டுமென்றால் போனில் யுஎஸ்பி துளை இருக்கிறதா என்றும் பாருங்கள், விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் இருக்காது.

செருகும்போது இன்னொன்று. போனுக்கு அடியில் ரிசீவருக்கும் ஹெட்செட்டுக்கும் ஒரே அளவில் இரண்டு துளைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மேலே சின்னதாக ஒரு படம் போட்டிருக்கும், நிறமும் போனின் நிறமே என்பதால் கண்ணில் படாது. சுத்தம் செய்பவர் வயரை மாற்றிச் செருகிவிட்டால் ரிசீவர் ஊமையாகிவிடும். ரிசீவரில் டயல் டோனே இல்லை, ஸ்பீக்கரில் மட்டும் வருகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

11. போன் செத்துவிட்டால்

ஐ.பி. போனுக்குத் தனி மின்சார வயர் பெரும்பாலும் இருக்காது, நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் வரும். திரை இருண்டிருந்தால் கேபிளைப் பாருங்கள். பின்னால் இரண்டு துளைகள் இருக்கும்: ஒன்று சுவரிலிருந்து வருவதற்கு, மற்றது கம்ப்யூட்டருக்குப் போவதற்கு. மாற்றிச் செருகினால் போன் உயிர் பெறாது. இரண்டு துளையிலிருந்தும் கேபிளைச் சுவருக்கே கொடுத்துவிடாதீர்கள். அது நெட்வொர்க்கையே சுற்றவிட்டு மாடி முழுவதும் இன்டர்நெட்டைப் படுக்க வைக்கலாம்.

திரை எரிகிறது, ஆனால் அழைப்பு போகவில்லையென்றால் சுவரிலிருந்து வரும் கேபிளைக் கழற்றிப் பத்து எண்ணிவிட்டுத் திரும்பச் செருகுங்கள். எழுந்து வர ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். போன் வழியாகத்தான் உங்கள் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் வருகிறது என்றால் அதுவும் அந்த நேரம் போகும், வேலையைச் சேமித்துவிட்டுச் செய்யுங்கள்.

செய்யக் கூடாதது ஒன்று. யீலிங்க் போன்களில் நடுவிலுள்ள ஓகே பட்டனை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால், எல்லா அமைப்பையும் அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்கும். ஆங்கிலத்தில் கேட்பதால் ஏதோ கேட்கிறது என்று மறுபடி ஓகே அழுத்தினால் எக்ஸ்டென்ஷனே போய்விடக்கூடும். எங்கள் மாடியில் ஒருவர் அழுத்தினார். அவருக்கு எண் திரும்பி வர ஒரு நாள் ஆனது.

ஐ.டி.க்குப் புகார் எழுதும்போது "போன் வேலை செய்யல" என்று எழுதினால் வரிசையில் கடைசியில் நிற்பீர்கள். எக்ஸ்டென்ஷன், சுவர் லேபிள் எண், திரையில் என்ன எழுதியிருக்கிறது, உள்ளே வரும் அழைப்பு போச்சா வெளியே போவது போச்சா, பக்கத்து மேசை போன் வேலை செய்கிறதா என்று எழுதுங்கள். திரையைப் படமெடுத்து இணையுங்கள். அவர்கள் வந்து சரிசெய்ததும் உடனே விட்டுவிடாதீர்கள். அவர்கள் நிற்கும்போதே கைப்பேசியிலிருந்து மேசைக்கு ஒருமுறை, மேசையிலிருந்து கைப்பேசிக்கு ஒருமுறை அடித்துப் பாருங்கள். இரண்டும் போனால் புகாரை மூடச் சொல்லுங்கள்.